ஆக்கிரமிப்புச் செலவு: செலவா, தண்டலா?

போரில் ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்ட அந்நியப் படை, தான் அங்கே தங்கியிருப்பதற்கான பணத்தை அந்த நாட்டின் தலையிலேயே கட்டுவதற்கு 'ஆக்கிரமிப்புச் செலவு' என்று பெயர். இரண்டாம் உலகப் போர் பற்றிய தமிழ்க் கட்டுரைகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் இந்தத் தொடர் வருகிறது. இலக்கணப்படி அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் படிக்கிறவர், செலவு செய்தது ஆக்கிரமித்தவன்தான் என்று எண்ணிவிடுவார். நடந்தது நேர் எதிர். அதனால்தான் இந்தச் சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

'ஆக்கிரமிப்பு' வடமொழி வழி வந்தது. அடியெடுத்து வைப்பதைக் குறிக்கும் 'க்ரம்' என்ற வேரிலிருந்து பிறந்து, மேலேறி மிதித்தல் என்ற பொருளுக்கு வந்தது. ஏரியை வளைத்துப்போடுவதற்கும் நடைபாதையில் கடை போடுவதற்கும் இன்று அதே சொல்தான். 'செலவு' தூய தமிழ். சங்க இலக்கியத்தில் அதற்குப் போதல், பயணம் என்றுதான் பொருள். பொருள்தேடிப் புறப்படும் தலைவன் போகாமல் நிற்பதைச் 'செலவழுங்கல்' என்பார்கள். கையைவிட்டுப் பணம் போவதற்கு அது பெயரானது பிறகு.

நாம் மொழிபெயர்த்து வைத்திருக்கும் கருத்து ஐரோப்பாவில் உருவானது. ஜெர்மன் மொழியில் 'பெசாட்சுங்ஸ்கோஸ்டன்'. 'பெசாட்சுங்' என்றால் ஓரிடத்தில் இருத்தப்பட்ட படை; 'கோஸ்டன்' என்றால் செலவு. ஜெர்மானியர்களே இந்தச் சொல்லை வலியோடு அறிந்தவர்கள். 1918 போர்நிறுத்த ஒப்பந்தத்தின்படி ரைன் பகுதியில் நின்ற நேச நாட்டுப் படைகளின் பராமரிப்புச் செலவு ஜெர்மனியின் மேல் விழுந்தது. வெர்சாய் உடன்படிக்கையின் 249ஆம் பிரிவு அதை உறுதி செய்தது. சுமார் 22 ஆண்டுகள் கழித்து, 1918 ஒப்பந்தம் கையெழுத்தான அதே கொம்பியேன் காட்டில், அதே ரயில் பெட்டியில் பிரான்சை உட்கார வைத்து, 1940 ஜூன் 22 அன்று ஹிட்லரின் தரப்பு கையெழுத்து வாங்கியது. அந்த ஒப்பந்தத்தின் 18ஆம் பிரிவு, பிரெஞ்சு மண்ணில் இருக்கும் ஜெர்மன் படைகளின் பராமரிப்புச் செலவைப் பிரெஞ்சு அரசே ஏற்கும் என்றது. எவ்வளவு என்று சொல்லவில்லை.

சட்டம் என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகள், பிடித்த நாட்டில் படை பணம் வசூலிக்கலாம் என்று ஒப்புக்கொண்டன. ஆனால் அது அந்தப் படையின் தேவைக்கோ அந்தப் பகுதியின் நிர்வாகத்துக்கோ மட்டும் என்று 49ஆம் விதி வரம்பு கட்டியது. பொருளாகவும் உழைப்பாகவும் கேட்பவை நாட்டின் வளத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும் என்றது 52ஆம் விதி.

1940 ஆகஸ்டில் தொகை வந்தது: நாளொன்றுக்கு 2 கோடி ரைக்ஸ்மார்க், அதாவது அன்றைய ஜெர்மன் மார்க். ஒரு மார்க்குக்கு 20 பிராங்க் என்று மாற்று விகிதத்தையும் ஜெர்மனியே வைத்ததால், அது நாளொன்றுக்கு 40 கோடி பிராங்க் ஆயிற்று. பிரான்சில் நின்ற படையின் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் இவ்வளவு தேவையே இல்லை என்று பிரெஞ்சுத் தரப்பு முறையிட்டுப் பார்த்தது. 1941இல் 30 கோடியாகக் குறைந்தது. 1942 நவம்பரில் ஜெர்மன் படை, அதுவரை பிடிக்காமல் விட்டிருந்த தெற்குப் பகுதிக்குள்ளும் புகுந்த பிறகு 50 கோடியாக ஏறியது. நாட்டில் பாதுகாப்புக்கு ஆள் கூடிவிட்டதாம், அதனால் கட்டணமும் கூடியது என்பதுதான் வாதம். ஒரு நாட்டுக்கு இதைவிடப் பெரிய அவமானம் எதைச் சொல்வது!

இந்தப் பணம் எப்படி நாட்டை உறிஞ்சியது என்பதை ஒரு கடை வாசலில் நின்று பார்க்கலாம். பாரிஸில் ஒரு ஜெர்மன் சிப்பாய் கடைக்குள் போகிறான். பட்டுக் காலுறை, வாசனைத் திரவியம், வெண்ணெய் வாங்குகிறான்; ஊரிலிருக்கும் வீட்டுக்கு அனுப்புகிறான். அவன் எதையும் பறிக்கவில்லை. விலை கொடுத்துத்தான் வாங்குகிறான். மாற்று விகிதத்தால் அவனுக்கு எல்லாமே மலிவு. கடைக்காரருக்கும் அன்றைக்கு நல்ல வியாபாரம். ஆனால் அந்த விலைக்கான பணம் கடைசியில் பிரெஞ்சு அரசின் கணக்கில் பற்றாக விழுகிறது. அரசிடம் அவ்வளவு வரி வருமானம் கிடையாது. மத்திய வங்கியான பாங்க் டி பிரான்சிடம் கடன் வாங்குகிறது. வங்கி நோட்டு அச்சடிக்கிறது. சரக்கு எல்லை தாண்டிப் போய்விட, நாட்டில் மிஞ்சியது காகிதம்தான். அதோடு, பெரிய அளவில் கொள்முதல் செய்யும் ஜெர்மன் அலுவலகங்கள் கள்ளச்சந்தையிலேயே இறங்கி இதே பணத்தைக் கொட்டின.

அரசியல் நெருக்கடி இங்கிருந்துதான் முளைத்தது. ரேஷன் ரொட்டி குறைந்துகொண்டே வந்தது. மாட்டுக்குப் போட்டுவந்த ருட்டபாகா கிழங்கு மனிதர் தட்டுக்கு வந்தது. 1941 மே, ஜூன் மாதங்களில் வடபிரான்சில் சுமார் ஒரு லட்சம் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் கேட்டவற்றில் சோறும் சோப்பும் இருந்தன. பதில் கைதும் நாடுகடத்தலும். தோல்விக்குப் பின் விஷி நகரிலிருந்து இயங்கிய பிரெஞ்சு அரசான விஷி அரசு, நாள் கணக்குப்படி பணம் கட்டிக்கொண்டே தன்னை இறையாண்மையுள்ள அரசு என்று சொல்லிக்கொண்டது. அந்தப் பேச்சை மக்கள் நம்பாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கிரேக்கத்தில் இதே சொல் உயிர்களையே தின்றது. 1941 ஏப்ரலில் வீழ்ந்த அந்த நாட்டை ஜெர்மனி, இத்தாலி, பல்கேரியா மூன்றும் பங்கிட்டுக்கொண்டன. விளைச்சலைப் படைகள் எடுத்துக்கொண்டன. பிரிட்டனின் கடல் முற்றுகையால் வெளியிலிருந்து தானியம் வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் மக்கள் செத்து விழுந்தார்கள். இறந்தவரின் ரேஷன் அட்டை கைவிட்டுப் போகக்கூடாது என்பதற்காக, குடும்பத்தார் சாவை அறிவிக்காமல் இரவோடு இரவாக உடலைக் கல்லறைத் தோட்டத்தருகே விட்டுவிட்டு வந்தார்கள். அந்த நாட்டின் மேல்தான் ஆக்கிரமிப்புச் செலவும் ஏற்றப்பட்டது. 1942 மார்ச்சில் ஜெர்மனியும் இத்தாலியும் ரோமில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன: கிரேக்க நாணயமான டிராக்மாவில் மாதம் 150 கோடி செலவுக் கணக்கில், அதற்கு மேல் எடுப்பதெல்லாம் வட்டியில்லாக் 'கடன்'. கொடுப்பவரைக் கேட்காமல் வாங்கிய கடன் அது.

நோட்டு அச்சடித்து அச்சடித்து டிராக்மா செத்தது. தங்கப் பவுன்தான் உண்மையான நாணயமாயிற்று. ஏதென்ஸ் விடுதலையானது 1944 அக்டோபரில். அடுத்த மாதம் பழைய டிராக்மா 5,000 கோடிக்கு ஒரு புதிய டிராக்மா என்று மாற்றிக் கொடுத்தார்கள்.

மலாயாவில் ஜப்பான் இப்படிக் கணக்கு எழுதக்கூட மெனக்கெடவில்லை. வாழை மரப் படம் போட்ட பத்து டாலர் உள்ளிட்ட நோட்டுகளைத் தானே அச்சடித்து இறக்கியது. 1945இல் அவை வெற்றுத்தாளானபோது தோட்டத் தமிழர்கள் பலரின் சேமிப்பும் அதோடு போயிற்று.

சரி, தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் 'திறை' இருக்கிறது. தோற்ற அரசன் வென்றவனுக்குச் செலுத்துவது. கலிங்கத்துப்பரணியில் சோழப் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் படை நடத்திச் செல்லக் காரணமே இருமுறை திறை வராததுதான். கொடுப்பவன் யார், வாங்குபவன் யார் என்பது அந்தச் சொல்லில் மறைவதில்லை. ஆனால் திறை கட்டுகிறவன் நாட்டில் வென்றவனின் படை குடியிருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் அது முழுதாகப் பொருந்தாது.

'தண்டல்' இன்னும் நெருங்கி வருகிறது. தண்டுதல் என்றால் வரி முதலியவற்றை வசூலித்தல். 'தண்டு' என்பதற்குப் படை என்ற பொருளும் உண்டு. சென்னைப் பக்கம் நாள்தோறும் வந்து பிடிக்கும் கடன் வசூலுக்கும் தண்டல் என்றே பெயர். நாள் கணக்கில் விதிக்கப்பட்ட பிரெஞ்சுத் தொகைக்கு அது கனகச்சிதம். ஆகவே 'படைத்தண்டல்' என்பதை நான் முன்வைக்கிறேன். 'ஆக்கிரமிப்பு'க்கு ஈழத்து எழுத்தில் வழங்கும் 'வல்வளைப்பு' நல்ல சொல். இரண்டையும் சேர்த்து 'வல்வளைப்புப் படைத்தண்டல்' என்றால் நீளம், 'படைத்தண்டல்' தனியாகவே போதும்.

ஒப்பந்த வாசகத்தை அப்படியே மொழிபெயர்க்கும் இடத்தில் 'ஆக்கிரமிப்புச் செலவு' இருக்கட்டும். அது எழுதியவனின் சொல். நம் வாக்கியத்தில், நடந்ததைச் சொல்லும் இடத்தில், 'பிரான்சிடம் நாளொன்றுக்கு 40 கோடி பிராங்க் படைத்தண்டல் பிடித்தார்கள்' என்று எழுதலாம். கிரேக்கம் இன்றும் ஜெர்மனியிடம் திருப்பிக் கேட்கும் தொகையை மட்டும் 'கட்டாயக் கடன்' என்றே எழுத வேண்டும். இழப்பீடு வேறு, கடன் வேறு என்பதுதான் அந்த நாட்டின் வாதம்; ஜெர்மனியோ இரு ஜெர்மனிகளின் இணைப்புக்கு வழிசெய்த 1990ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு எல்லாம் முடிந்துவிட்டது என்கிறது.