அரை ஏக்கர் எங்கே போனது?

மட்டக்களப்பின் படுவான்கரையில் ஒரு கமக்காரர் சங்கத்தின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தேன். வாய்க்கால் துப்புரவுக்கு ஏக்கருக்கு 500 ரூபாய் சேர்த்திருந்தார்கள். பற்றுச்சீட்டுகளைக் கூட்டினால் ஒரு தொகை வருகிறது. எக்செல் தாளில் உள்ள ஏக்கர்களைக் கூட்டி 500ஆல் பெருக்கினால் அதைவிடக் குறைவாக வருகிறது. மிச்சப் பணம் எங்கே என்று கூட்டத்தில் எல்லோரும் பொருளாளரைக் கேட்டிருக்கிறார்கள். "அண்ணா, நான் ஒரு சதம்கூடத் தொடவில்லை" என்று என்னிடம் சொல்லும்போது அந்தத் தங்கைக்குக் குரல் உடைந்துவிட்டது.

முதல் நான்கு நிரைகளிலேயே காரணம் இருந்தது: 2, 1½, 3, ½. நமக்கு இது ஏழு ஏக்கர். எக்செல் காட்டிய கூட்டுத்தொகை 5. ½ என்ற குறியீட்டை அவர் வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருந்தார். அந்தக் குறியீடு விழுந்த கலத்தை எக்செல் எண்ணாக எடுப்பதில்லை. ஓர் ஆளின் பெயரைப் போல வெறும் எழுத்தாகவே வைத்துக்கொள்ளும். கூட்டித் தரும் சம் (SUM) சார்பு அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போகும், பிழைச்செய்தி எதுவும் வராது. வழக்கமாக எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒதுங்கி நிற்பதால் கண்ணிலாவது படும். இங்கே அழகுக்காக நிரல் முழுவதையும் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். தயவுசெய்து எண் நிரல்களை நடுவில் நிறுத்தாதீர்கள்.

குறியீட்டுக்குப் பதிலாக 1/2 என்று அடித்தால் நிலைமை இன்னும் மோசம். அது திகதியாகிவிடும். எக்செல் திகதிகளை 1900ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து நாள் கணக்காகச் சேமிக்கிறது. 2025 பெப்ரவரி 1 என்பது அதற்கு 45,689. அரை ஏக்கர் செய்கிறவரின் பெயருக்கு நேரே அத்தனை ஏக்கர் கூடிவிடும். 0.5 என்று அடிப்பதே நல்லது. பின்னமாகத் தெரிய வேண்டுமென்றால் 0 அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 1/2 அடியுங்கள். அவரையே திருத்தச் சொன்னேன். 1.5 அடித்ததும் மொத்தம் 6.5 ஆனது, 0.5 அடித்ததும் 7. அவர் நெடுநேரம் அந்த 7ஐயே பார்த்துக்கொண்டிருந்தார்.

'ரூ.500' என்று கலத்துக்குள் அடிப்பவர்களுக்கும் இதே கதிதான். கலத்தில் 500 மட்டும் இருக்கட்டும். கண்ட்ரோல் விசையுடன் 1ஐ அழுத்தி, தனிப்பயன் வடிவத்தில் "ரூ." #,##0.00 என்று, மேற்கோள் குறிகளையும் சேர்த்து எழுதிவிடுங்கள். கண்ணுக்கு ரூபாய் தெரியும், கூட்டலுக்கு எண் கிடைக்கும்.

குறிப்பு நிரலில் எந்தக் குறியீட்டையும் தாராளமாகப் போடலாம். ஆல்ட் விசையை அழுத்தியபடி வலப்புற எண் பலகையில் 0176 அடித்தால் ° வரும், 0178 அடித்தால் ² வரும். எண் பலகை இல்லாத மடிக்கணினியில் செருகல் பட்டியலிலுள்ள குறியீட்டுப் பகுதிக்குப் போகலாம்.

வருகைப் பதிவில் சரி அடையாளம் போடுபவர்கள் மட்டும் கவனியுங்கள். விங்டிங்ஸ் எழுத்துருவில் போட்ட சரி, அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் தலையில் இரு புள்ளி வைத்த ஆங்கில யூ எழுத்தாக மாறிவிடும். யுனிகோட் ✓ அப்படி மாறாது. எக்செல் 2013 முதல் யூனிகார் (UNICHAR) சார்புக்குள் 10003 கொடுத்தால் அது வரும்.

புதிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களையும் தொலைபேசி எண்ணையும் அடிக்கும்முன் ஓர் ஒற்றை மேற்கோள் (') போடுங்கள். இல்லையென்றால் முதலாவது 2.00012E+11 போன்ற அடுக்குக்குறி வடிவத்துக்குச் சுருங்கித் தெரியும், இரண்டாவது முன்னாலுள்ள பூச்சியத்தை இழந்துவிடும்.

கணக்கைக் கூட்டத்தில் வைக்கும் முன் ஒரு சோதனை போதும். தொகை நிரலுக்குக் கவுண்ட் (COUNT) சார்பையும் கவுண்ட்ஏ (COUNTA) சார்பையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். முன்னது எண்களை மட்டும் எண்ணும், பின்னது வெறுமையாக இல்லாத எல்லாவற்றையும் எண்ணும். இரண்டும் வேறுபட்டால், எண்போல நடிக்கும் எழுத்து அந்த நிரலில் எங்கோ இருக்கிறது.