கிக் டிரம் அடி விழும்போது மற்ற ஒலிகள் ஏன் ஒதுங்குகின்றன?

பாரிஸைச் சேர்ந்த டாஃப்ட் பங்க் என்ற இருவர் குழுவின் முதல் ஆல்பம் 'ஹோம்வொர்க்', 1997 ஜனவரியில் வந்தது. பெரும்பகுதி இருவரில் ஒருவரான தோமா பாங்கல்தேரின் படுக்கையறையில் பதிவானது. சிகாகோ ஹவுஸ், டெட்ராய்ட் டெக்னோ, ஆசிட், ஃபங்க், டிஸ்கோ என்று பல நடன இசை வகைகள் கலந்திருந்தும் ஒரே கைப்பக்குவம் தெரிகிறது. இந்த பிரெஞ்சு ஹவுஸ் பாணிக்கு அந்த ஒட்டுதலைத் தருவது மெட்டைவிட ஃபில்டரும் கம்ப்ரெஸரும்தான் என்பேன்.

எந்த இசை ஒலியிலும் அடிப்படை அதிர்வெண்ணோடு அதற்கு மேலான பல அதிர்வெண்களும் சேர்ந்தே இருக்கும். லோ-பாஸ் ஃபில்டர், நாம் வைக்கும் எல்லைக்கு மேலே உள்ளவற்றை மங்கச் செய்யும். பக்கத்துத் தெருக் கல்யாண ஸ்பீக்கர் மூடிய ஜன்னல் வழியே வெறும் 'தும் தும்' என்று கேட்குமே, அதேதான். எல்லையை மெல்ல உயர்த்தினால் கிட்டாரும் குரலும் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரே துண்டு இசை திரும்பத் திரும்ப வந்தாலும் சலிக்காததற்குப் பாதிக் காரணம் இது.

ஆசிட் ஒலியும் ஃபில்டரின் வேலைதான். ரோலண்ட் நிறுவனம் 1981-இல் விற்பனைக்கு விட்ட டிபி-303 கருவியில் 'ரெஸனன்ஸ்' குமிழைத் திருகினால், எல்லையை ஒட்டிய அதிர்வெண்கள் மட்டும் பெருகிக் கீச்சிடும். பாஸ் கிட்டாருக்கு மாற்றாக வந்து, விற்காமல் போன கருவி அது. (1982-லேயே மும்பையின் சரண்ஜித் சிங் இதில் ராகங்கள் வாசித்துவிட்டார். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை!)

அப்புறம் கம்ப்ரெஸர். ஒலி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் அதைத் தானாகவே அமுக்கும் சாதனம் இது. கிக் டிரம்மையும் ('தும்' என்று தாளம் போடும் பெரிய டிரம்) மற்ற இசையையும் சேர்த்து இதற்குள் அனுப்பினால் என்ன ஆகும்? கிக்தான் அதிகச் சத்தம். அது விழும்போதெல்லாம் கம்ப்ரெஸர் மொத்தத்தையும் அமுக்கும். பாஸும் (அடித்தளமான தாழ்ந்த ஒலி) கீபோர்டும் சட்டென்று தணியும். கிக் அடங்கியதும் மீண்டும் எழும். பாட்டே மூச்சு விடுவது போலக் கேட்பது இதனால்தான். தாழ்ந்த அதிர்வெண்களில் கிக்கும் பாஸும் ஒன்றையொன்று மறைக்காமல் இருக்கவும் இது உதவுகிறது.

இதில் நேரம் முக்கியம். 'ஹோம்வொர்க்' ஆல்பத்தின் 'அரௌண்ட் தி வேர்ல்ட்' பாட்டின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 121 அடி. அதாவது அரை நொடிக்கு ஒரு கிக். அமுக்கியதை விடுவிக்க கம்ப்ரெஸர் அதைவிட அதிக நேரம் எடுத்தால், இசை எழுவதற்குள் அடுத்த கிக் விழுந்துவிடும். மூச்சு கேட்காது, எல்லாம் தாழ்ந்தே கிடக்கும். மிக வேகமாக விடுவித்தாலோ பாஸ் கரகரக்கும். சுமார் 111 அடியில் நிதானமாக நடக்கும், அதே ஆல்பத்தின் 'டா ஃபங்க்' மாதிரிப் பாட்டில் இன்னும் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும்.