ஐப்பசி அடைமழையும் பந்தயப் புறாவும்

விழுப்புரத்தில் காலை 7 மணிக்குக் கூடையைத் திறந்தால், எங்கே விட்டாலும் வீடு திரும்பும் பந்தய இனமான நல்ல ஹோமர் புறா ஒன்றரை மணி நேரத்தில் கும்பகோணத்து மொட்டை மாடியில் வந்து இறங்கிவிடும். நேர்கோட்டில் ஏறத்தாழ 109 கிலோமீட்டர். அரைக் கிலோ எடைகூட இல்லாத உடம்பு, இடையில் எங்கும் உட்காராமல் மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வருகிறது. பந்தயம் நடப்பது தை, மாசியில். அதற்கான உடம்பை அந்தப் புறா பெறுவதும் இழப்பதும் ஐப்பசி, கார்த்திகையில். டெல்டாவில் புறா வளர்ப்பவருக்கு முதல் வேலை, அடைமழையிலும் கூண்டுத் தரையைக் காய்ந்தபடி வைத்திருப்பது. இரை, மருந்து, பயிற்சி எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

ஈரம் ஏன் இவ்வளவு கெடுக்கிறது? புறாவுக்கு நுரையீரலோடு 9 காற்றுப் பைகள் இருக்கின்றன. கழுத்தடியிலிருந்து வயிறு வரை பரவிக் கிடக்கும் அவை காற்றை ஒரே திசையில் நுரையீரல் வழியாகச் செலுத்துகின்றன. மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் நுரையீரலுக்குப் புதுக்காற்று கிடைக்கிறது. மணிக்கணக்கில் சிறகடிக்க முடிவது இதனால்தான். எச்சம் நனைந்து ஊறினால் அதிலிருந்து அம்மோனியா கிளம்பும். அது மூச்சுக்குழாயின் உட்தோலை அரிக்கும். அதன் பிறகு கிருமி நுழைவதற்கு வழி கேட்க வேண்டியதில்லை. கூண்டுக்குள் குனிந்து தரையோடு முகத்தை வைத்து மூச்சிழுத்துப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், புறா ஏற்கெனவே நோயின் வாசலில் நிற்கிறது.

குடலைத் தாக்கும் காக்சிடியா கிருமியின் முட்டை, எச்சத்தோடு வெளியே விழுந்தவுடன் நோய் தராது. வெதுவெதுப்பும் ஈரமும் சேர்ந்தால் இரண்டொரு நாளில் முதிர்ந்து தொற்றும் தன்மை பெறும். ஆகவே எச்சத்தைத் தினமும் சுரண்டி அள்ளினால் பாதி நோய் அங்கேயே நின்றுவிடும். தண்ணீர் விட்டுக் கழுவுவது நல்லது செய்வதாக நினைத்துச் செய்யும் கெடுதல். மழைக்காலத்தில் கழுவிய பலகை மூன்று நாளானாலும் காயாது. கொத்துக் கரண்டியால் சுரண்டி, பெருக்கி, சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் அவித்து உலர்த்திய தூளைக் கொஞ்சம் தூவினால் போதும். சுரண்டும்போது முகக்கவசம் கட்டாயம். புறாத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தவர்களுக்கு நுரையீரலில் ஒவ்வாமை நோய் வருவது மருத்துவம் நன்கு அறிந்த ஒன்று.

கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்ட வேண்டும். அடியில் காற்று ஓடினால்தான் பலகை காயும். எட்டடி நீளம், ஆறடி அகலம், ஆறடி உயரம் உள்ள கூண்டில் 15 புறாக்கள் வரை வைக்கலாம். 30 அடைத்தால் எந்த மருந்தும் காப்பாற்றாது. வடகிழக்குப் பருவமழைச் சாரல் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அடிக்கும் என்பதால், கம்பிவலை முகப்பு தென்கிழக்கைப் பார்த்திருக்கட்டும்; இளவெயில் உள்ளே விழும். வடக்கிலும் கிழக்கிலும் கூரையை இரண்டடி நீட்டிவிடுங்கள். தகரக் கூரை சித்திரையில் கொதிக்கும் என்று மேலே தென்னங்கீற்று வேய்வார்கள். நல்லதுதான். ஆனால் கீற்றில் எலி குடியேறும், எலியைத் தேடிப் பாம்பு வரும். எலி மூத்திரம் பட்ட இரைதான் சால்மொனெல்லா என்ற குடல் கிருமி வருவதற்கான பெரிய வழி. வலைக்கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் கூரை ஓடுகளும் தகரமும் பறந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மாடிக் கூண்டின் நான்கு கால்களையும் கைப்பிடிச் சுவரோடு கம்பியால் இறுக்கிக் கட்டுவது ஆடம்பரமான ஏற்பாடு இல்லை.

மழைக்குப் பயந்து நான்கு பக்கமும் தார்ப்பாய் கட்டி மூடும் பழக்கம் மட்டும் வேண்டாம். அதன் தீங்கு மூச்சோடு முடிவதில்லை. வழி கண்டுபிடிக்கும் திறனையும் தொடுகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆவணி முதல் வாரத்தில் ஜோடி சேர்ப்பது டெல்டாவுக்குப் பொருந்தும் கணக்கு. சேர்த்த எட்டுப் பத்து நாளில் முதல் முட்டை. இரண்டாவது முட்டை அதற்கு ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்து. அடைகாலம் 17, 18 நாள். முற்பகலிலிருந்து பிற்பகல் வரை ஆண் உட்காரும், மற்ற நேரமெல்லாம் பெண். குஞ்சு பொரித்ததும் தாய், தகப்பன் இரண்டின் இரைப்பையும், அதாவது கழுத்தடியில் இரை சேரும் பையும், ஒருவகைப் பாலைச் சுரக்கும். தயிர்க்கட்டி போன்ற அந்தப் பாலில் புரதமும் கொழுப்பும்தான், மாவுச்சத்து இல்லை. முதல் சில நாளுக்குக் குஞ்சுக்கு வேறெதுவும் கிடையாது. அதனால் அடைகாப்பின் கடைசி வாரத்தில் பெற்றோருக்குப் பயறு, பட்டாணியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் நாளுக்குள் காலில் அடையாள வளையம் போட்டாக வேண்டும். முன் விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைக் காலோடு மடக்கி வளையத்தை மேலேற்றிப் பிறகு விரலை விடுவிக்க வேண்டும். பத்தாம் நாள் முயன்றால் பெரும்பாலும் நுழையாது. 26, 28 நாளில் குஞ்சைப் பிரிக்கலாம். இந்தக் கணக்கில் குஞ்சு புரட்டாசிக் கடைசியில், அடைமழைக்கு முன்பே தானாக இரை பொறுக்கக் கற்றிருக்கும்.

கூட்டுக்குள் வைக்கோல் போடாதீர்கள்; ஈரம் இழுத்துப் பூஞ்சை பிடிக்கும். தென்னை ஈர்க்கு, வேப்பங்குச்சியைச் சாண் நீளத்தில் நறுக்கிப் போட்டால் புறாவே அடுக்கிக்கொள்ளும். கூட்டுத் தூசியை 20 நாளுக்கு ஒருமுறை முழுவதும் அள்ளி எரிக்க வேண்டும். தட்டையாக, இறகுக்குள் வழுக்கி ஓடும் புறா ஈ தன் கூட்டுப்புழுவை அந்தத் தூசியில்தான் போடுகிறது. அது ஈயாக ஏறத்தாழ நான்கு வாரம் பிடிக்கும். அதற்கு முன் அள்ளிவிட்டால் அந்தத் தலைமுறையே இல்லை. புறாவுக்கு மலேரியா போன்ற ரத்த நோயைப் பரப்புவதும் இந்த ஈதான்.

இரை, பறக்கும் புறா ஒன்றுக்கு நாளுக்கு 30 முதல் 35 கிராம். ஒரு கிலோ கலவைக்கு மக்காச்சோளம் 300 கிராம், வெள்ளைச்சோளம் 150, கோதுமை 150, பட்டாணி 150, கம்பு 100, பச்சைப்பயறு 100, கொண்டைக்கடலை 50. இதில் புரதம் 14 விழுக்காட்டை ஒட்டி வரும். பந்தயத்துக்கு முந்தைய மூன்று நாள் பயறைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டி, புறாவுக்கு நாலைந்து பச்சை வேர்க்கடலை கொடுக்கலாம். நெடுந்தூரம் பறக்கும்போது புறாவின் நெஞ்சுத்தசை எரிப்பது பெரும்பாலும் கொழுப்பை. பறக்காத மழைநாளில் அதே தீனியைக் கொட்டினால் அது தொந்தியாகும். அப்போது கலவையில் கால் பங்கு நெல்லைச் சேருங்கள். உமி மிகுந்த நெல் வயிற்றை நிரப்பும், கொழுக்க வைக்காது. தானியம் எதுவானாலும் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் ஈரம் இருக்கிறது. பூஞ்சை நச்சு கண்ணுக்குத் தெரியாமலே கல்லீரலைக் கெடுக்கும். பல் இல்லாத புறாவுக்கு அரைவைக் கல்லும் வேண்டும்: நொறுக்கிய செங்கல், பருமணல், சிப்பி ஓடு, கொஞ்சம் அடுப்புக்கரி. இந்தக் கல் கலவையில் உப்பு கிலோவுக்கு 20 கிராமைத் தாண்டக் கூடாது.

நோயில் முதலில் பயப்பட வேண்டியது கழுத்துத் திருகல். கோழி வெள்ளைக்கழிச்சலின் இனத்தைச் சேர்ந்த வைரஸ் அது. எச்சம் தண்ணீராகப் போகும், தானியத்தைக் கொத்தினால் குறி தவறும், பிறகு தலை திருகும். வந்தபின் மருந்து இல்லை. ஐந்தாறு வார வயதில் கழுத்துப் பின்புறத் தோலடியில் போடும், வைரஸைச் செயலிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசிதான் காப்பு; ஆண்டுதோறும் திரும்பப் போட வேண்டும். கோழிக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் சொட்டு மருந்து புறாவுக்குப் போதிய காப்பு தருவதில்லை. கொசு பரப்பும் அம்மையில் அலகோரத்திலும் கண்ணிமையிலும் கொப்புளம் வரும். தனியே வைத்தால் மூன்று நான்கு வாரத்தில் உதிரும். தொண்டைக்குள் மஞ்சள் பாலாடைக்கட்டி போல் படிந்தால் அது டிரைக்கோமோனாஸ். அதைக் கிள்ளி எடுக்காதீர்கள், ரத்தம் நிற்காது. கால்நடை மருத்துவரிடம் போங்கள். அந்தக் கிருமி உலர்ந்த இடத்தில் சீக்கிரம் செத்துவிடும், தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு இருக்கும். எனவே தண்ணீரை நாளுக்கு இருமுறை மாற்ற வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் ஃபென்பெண்டசோல் குடற்புழு மருந்தைப் புறாவுக்குக் கொடுக்காதீர்கள். அது எலும்பு மஜ்ஜையைச் சிதைக்கிறது. முளைக்கும் இறகும் கோணலாகிறது.

பயிற்சி பசியிலிருந்து தொடங்குகிறது. பிரித்த குஞ்சை ஒரு வாரம் கூண்டு மேலுள்ள வலைப்பெட்டியில் வைத்துச் சுற்றுப்புறத்தைப் பார்க்க விடுங்கள். பிறகு மாலை இரைக்கு ஒரு மணி நேரம் முன்பு திறந்துவிட்டு, தகர டப்பாவில் தானியத்தைக் குலுக்கி அழைக்க வேண்டும். டப்பாச் சத்தத்துக்குக் கூண்டுக்குள் பாய்ந்து நுழையாத புறா, பந்தயத்தில் முதலில் வந்தாலும் கூரைமேல் உட்கார்ந்து தோற்கும். இரண்டு மாத வயதில் கூட்டமாக எழும்பி அரைமணி, ஒரு மணி நேரம் கண்ணுக்கெட்டாமல் ஊர் சுற்றும். அதன் பிறகே கூடை. முதலில் கூடைக்குள் ஓர் இரவு தங்கி, வெளியே தொங்கும் தொட்டியில் தண்ணீர் குடிக்கப் பழக வேண்டும். தூரம் 3 கிலோமீட்டர், 5, 10. பிறகு கும்பகோணத்தார் என்றால் வடக்கே அணைக்கரை 20, ஜெயங்கொண்டம் 28, விருத்தாசலம் 60 சொச்சம், உளுந்தூர்பேட்டை 80, விழுப்புரம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு மூன்று முறை. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொன்றாக விட வேண்டும். கூட்டத்தைத் தொடர்ந்து பழகிய புறா தனியே சிந்திக்காது.

எப்படித்தான் வழி கண்டுபிடிக்கிறது? அதற்கு இரண்டு கருவி வேண்டும்: திசைகாட்டி ஒன்று, வரைபடம் ஒன்று. திசைகாட்டி பெரும்பாலும் சூரியன். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்வதைப் புறா தன் உடல் கடிகாரத்தால் கழித்துக்கொள்கிறது. செயற்கை விளக்கில் வைத்து அந்தக் கடிகாரத்தை 6 மணி நேரம் மாற்றிய புறாக்கள், விடுவித்த இடத்தில் ஏறத்தாழ 90 பாகை விலகிப் பறந்தன. மேகமூட்டத்தில் காந்தப்புலம் கைகொடுக்கிறது. 1971இல் வில்லியம் கீட்டன் புறா முதுகில் காந்தத் துண்டை ஒட்டிப் பறக்கவிட்டபோது, மூடிய வானில் அவை திசை தடுமாறின. அலகில் காந்தம் உணரும் இரும்பணுக்கள் இருப்பதாக நம்பப்பட்டது. அவை நோய் எதிர்ப்பு அணுக்கள் என்று 2012இல் தெரியவந்தது.

வரைபடம் இன்னும் வியப்பானது. இத்தாலியின் பீசா நகரில் ஃப்ளோரியானோ பாப்பி குழுவினர் 1970களில் காட்டியது: மோப்ப நரம்பை வெட்டிய புறா பழக்கமில்லாத இடத்திலிருந்து வீடு திரும்பத் திணறுகிறது. எந்தத் திசைக் காற்று எந்த வாசனையைக் கொண்டுவருகிறது என்பதைக் குஞ்சுப் பருவத்தில் கூண்டிலிருந்தே கற்கிறது. காற்றை மறைத்து வளர்த்த புறாக்களுக்கு இந்த அறிவு வரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடக் கூடாது என்றதன் காரணம் இதுதான். மேற்கே ஈர வயல், கிழக்கே உப்புக் கடல் என்று டெல்டாக் காற்றில் வாசனைக்குப் பஞ்சமில்லை. அது குஞ்சின் மூக்கை எட்ட வேண்டும். வீடு நெருங்கியபின் கண் வேலை செய்கிறது. பழகிய புறாக்கள் நெடுஞ்சாலையை ஒட்டியே பறந்து, சந்திப்பில் திரும்புவதை ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். மலையே இல்லாத நம் சமவெளியில் கொள்ளிடத்து மணல்வெளியும் கோபுரங்களும் அந்த வேலையைச் செய்யும்.

தை, மாசியில் வாடைக்காற்று தெற்கே வரும் புறாவைத் தள்ளிக்கொண்டு வரும். ஆனால் வயலில் மூடுபனி இருக்கும். பனி விலகிச் சூரியன் தெளியும்வரை கூடையைத் திறக்கக் கூடாது, எட்டு மணியானாலும் சரி. பங்குனியில் தென்காற்று எதிர்க்கும், அதே தூரத்துக்கு நேரம் கூடும். சம்பா அறுவடைத் தாளுக்குள் விதைக்கும் உளுந்தும் பயறும் இன்னோர் ஆபத்து. விதை நேர்த்திக்கு மருந்து தடவியிருப்பார்கள். பசியோ தாகமோ மிஞ்சி வயலில் இறங்கிப் பழகிய புறா ஒருநாள் திரும்பாது. பறந்து வந்ததும் கூண்டில் தண்ணீரும் இரையும் கட்டாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் அதை இறங்கவிடாமல் தடுக்கும். குளிர்காலத்தில் வரும் பைரி என்ற வேட்டைப் பறவை, செங்குத்தாகப் பாய்ந்து அடிக்கும். பறக்கவிடும் நேரத்தை நாளுக்கு நாள் மாற்றுவதைத் தவிர வழியில்லை. பைரி 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்படும் பறவை. அதைத் தொடவே கூடாது.

வெற்றியை முடிவு செய்வது நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற வேகம். 109 கிலோமீட்டரில் உள்ள கூண்டுக்கு 91 நிமிடத்தில் வந்த புறாவின் வேகம் 1,198 மீட்டர். 114 கிலோமீட்டரில் உள்ள கூண்டுக்கு 94 நிமிடத்தில் வந்தது 1,213 மீட்டர். மூன்று நிமிடம் பிந்தி வந்ததே வென்றது.

வந்து இறங்கிய புறாவுக்கு முதலில் தண்ணீர்: லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வெல்லம், ஒரு சிட்டிகை உப்பு. அரைமணி கழித்து நெல்லும் கம்பும் மட்டும், வழக்கத்தில் பாதி. இரண்டு நாள் பிந்தி, நெஞ்செலும்பு கத்திபோல் துருத்திய நிலையில் வரும் புறாவுக்கு ஒரே வேளையில் வயிறு நிறையக் கொடுத்தால் இரை இரைப்பையிலேயே தங்கிப் புளித்துப்போகும். சிறிது சிறிதாகக் கொடுங்கள். அன்று வராத புறாவுக்காக இரவில் வாசலைத் திறந்து வைத்தால் பூனை வரும். பொழுது சாய்ந்ததும் மூடி, விடியுமுன் திறந்துவிடுங்கள். வேறு யாருடைய வளையமோ போட்ட புறா உங்கள் மாடியில் களைத்து உட்கார்ந்தால், உங்கள் புறாக்களோடு சேர்க்காமல் தனிப்பெட்டியில் தண்ணீரும் இரையும் வைத்து, மறுநாள் காலை வெயில் ஏறியதும் விட்டுவிடுங்கள்.