விசா ஃப்ரீன்னா? நியூயார்க்கும் ஃப்ரீயா?

போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு மீனம்பாக்கத்துலேர்ந்து வீடியோ கால். கல்யாணம் ஆகி பத்து நாள்கூட ஆகல, பொண்ணு கையில மருதாணி அப்படியே இருக்கு, வெஸ்ட் இண்டீஸ்ல இருக்கற பார்படாஸுக்கு ஹனிமூன் கிளம்பினவங்கள செக்-இன் கவுன்ட்டர்லயே நிறுத்திட்டாங்க. "இந்தியன் பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம்னு போட்டிருக்கே சார்"னு பையன் அழாத குறை. போட்டிருக்கறது சரிதான் தம்பி, 90 நாள் வரைக்கும் பார்படாஸுக்கு நமக்கு விசா வேணாம், ஆனா சீப்பா கிடைக்குதுன்னு நீ டிக்கெட் போட்டிருக்கறது நியூயார்க் வழியா! இந்த வருஷம் இது எனக்கு நாலாவது கேஸ். டிக்கெட் போடறது எங்கயோ, அர்த்தராத்திரி போன் மட்டும் எனக்கு.

"ஏர்போர்ட்ட விட்டு வெளியவே போகலையே, எதுக்கு விசா?" இத கேட்டு கேட்டு காது புளிச்சுப் போச்சு. துபாய், தோஹா மாதிரி ஒரு கேட்ல இறங்கி இன்னொரு கேட்ல ஏறற வேலை அமெரிக்கால கிடையாதுங்க. அங்க இறங்கினா இமிக்ரேஷன் வரிசைல நிக்கணும், பெட்டிய பெல்ட்லேர்ந்து எடுத்து மறுபடி போடணும், அப்புறம்தான் அடுத்த ஃப்ளைட். அதுக்கு சி1 டிரான்சிட் விசாவோ பி1/பி2 விசிட்டர் விசாவோ கண்டிப்பா வேணும். ரெண்டு மணி நேரம்தானேன்னா, ரெண்டு நிமிஷம்னாலும் அதேதான். லண்டன்ல உள்ளயே ஃப்ளைட் மாறினாக்கூட நம்ம பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா உண்டு, செல்லுபடியாகற அமெரிக்க விசா இருந்தா அதுல விலக்கு கிடைக்கும்.

கவுன்ட்டர்ல இருக்கறவங்ககிட்ட சண்டை போட்டு புண்ணியமில்ல. அவங்க டைமாட்டிக்ல, அதாவது எந்த பாஸ்போர்ட்டுக்கு எங்க என்ன விசா வேணும்னு ஏர்லைன்காரங்க பாக்கற கம்ப்யூட்டர் சிஸ்டத்துல, தட்டிப் பாப்பாங்க, அது ஆகாதுன்னா ஏத்த மாட்டாங்க, மீறி ஏத்தினா ஏர்லைன் ஃபைன் கட்டணும்.

கிரிக்கெட் பாக்க போற கூட்டம் டிரினிடாடையும் சேத்துக்கும். வினை திரும்பி வரும்போது. நம்ம அரசாங்கத்தோட மஞ்சள் காய்ச்சல் அபாயம் இருக்கற இடங்களோட லிஸ்ட்ல டிரினிடாட் இருக்கு, பக்கத்துல இருக்கற டொபேகோ இல்ல. டிரினிடாட்ட விட்டு ஆறு நாளுக்குள்ள மஞ்சள் கார்டு (அந்தக் காய்ச்சலுக்கு ஊசி போட்டதுக்கான சர்ட்டிஃபிகேட்) இல்லாம இங்க வந்து இறங்கினா ஆறு நாள் வரைக்கும் குவாரன்டைன்ல வச்சுடுவாங்க. "எனக்குத்தான் ஏற்கனவே வந்து போயிடுச்சே"ன்னார் ஒருத்தர். சார், அது காமாலை! ஊசி போட்டு 10 நாள் கழிச்சுதான் கார்டு செல்லும், கிளம்பறதுக்கு முந்தின நாள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வாசல்ல போய் நிக்காதீங்க ப்ளீஸ். ஒருதடவ போட்டா ஆயுசுக்கும் போதும், 2016லேர்ந்து அப்படித்தான்.

ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ரெண்டையும் பிரிண்ட் எடுத்துக்கோங்க, போன்ல இருக்குன்னு சொல்லிட்டு சார்ஜ் இல்லாம நிக்கறவங்கள நிறைய பாத்தாச்சு. பாஸ்போர்ட்ல ஆறு மாசம் பாக்கி இருக்கான்னும் பாருங்க.

அப்புறம் அந்த மிலிட்டரி டிசைன் கார்கோ பேன்ட், குழந்தையோட தொப்பி உட்பட, வீட்லயே இருக்கட்டும். பார்படாஸ்லயும் டிரினிடாட்லயும் அத போடறது சட்டப்படி குத்தம்.