ப்ராஞ்சைஸ்: சொல்லுக்குள்ள இருக்குறது உரிமை, தொடர்ச்சி இல்ல

ப்ராஞ்சைஸ்னு சொன்னா மதுரைல ஆளுக்கொரு அர்த்தம். பைபாஸ் ரோட்ல ஜிகர்தண்டா கடை போட எடம் தேடுறவருக்கு அது ஒரு போர்டும் டெபாசிட்டும், கிரிக்கெட் பாக்குறவனுக்கு சென்னை சூப்பர் கிங்ஸ், சினிமா பேசுறவனுக்கு ரெண்டாம் பாகம் மூணாம் பாகம்னு வர்ற படவரிசை, குடிமையியல் நடத்துற டீச்சருக்கு ஓட்டு. இப்ப புதுசா இன்னொரு கூட்டமும் இந்தச் சொல்லப் புடிச்சுக்கிருச்சு, படம் வரையிற பசங்க. அண்ணா நகர்லயும் கே.கே. நகர்லயும் மாடி ரூம்ல டேப்லெட்ட வச்சுக்கிட்டு ராத்திரி பகலா வரையிறாய்ங்க, என்னப்பா பண்றீங்கன்னு கேட்டா "அண்ணே, ஒரிஜினலா ஒரு ப்ராஞ்சைஸ் பண்றோம், மொதல்ல காமிக்ஸ், அங்கிட்டு கேம், நடுவுல என்எஃப்டி விட்டு காசு தேத்துறோம்"ங்குறாய்ங்க. என்எஃப்டின்னா இணையத்துல விக்கிற ஒரு டிஜிட்டல் வில்லை, பின்னாடி வெளக்குறேன். நல்ல விஷயம்தேன், நம்மூர்ல இருந்து ஒரு கதை கெளம்பி ஊரு ஒலகம் சுத்துனா யாருக்குச் சந்தோசம் இல்ல. ஆனா அவங்க மனசுல அந்தச் சொல்லுக்கு இருக்குற அர்த்தம் "நெறைய பாகம், நெறைய பொருளு". சொல்லு சொல்றது அது இல்ல, அதத்தேன் இங்க கொஞ்சம் விலாவாரியா எழுதுறேன்.

பழைய பிரெஞ்சுல ஃப்ராங்க்னா கட்டுப்படாதவன், யாருக்கும் அடிமை இல்லாதவன். ஃப்ராங்க்னு ஒரு இனம் இன்னைக்கு பிரான்ஸ்னு சொல்ற பூமியப் புடிச்சு ஆண்டுச்சு, ஆண்ட இனத்து ஆளு மட்டும்தான அங்க முழுசா சுதந்திரமானவன், அதனால இனத்தோட பேரே சுதந்திரத்துக்கும் பேராச்சு. அதுல இருந்து பொறந்ததுதான் ஃப்ராஞ்சைஸ், சுதந்திரம், விலக்கு, சலுகைனு அர்த்தம். அது இங்கிலாந்துக்குப் போனப்ப ராஜா குடுக்குற தனி உரிமையாச்சு. இந்த ஊர்ல சந்தை கூட்டுற உரிமை ஒனக்கு, இந்தத் தொறையில படகு விட்டு கூலி வாங்குற உரிமை ஒனக்குன்னு எழுதிக் குடுப்பாங்க. நம்ம பாண்டியர் கல்வெட்டுல இறையிலின்னு நெலம் விட்டது ஞாபகம் வருதுல்ல, வரி இல்ல, நீயே ஆண்டு அனுபவிச்சுக்கோன்னு. ரெண்டும் ஒண்ணு இல்லதான், ஆனா ஒரே சாடை.

அப்புறம் அந்த உரிமைங்குற அர்த்தம் ஓட்டுப் போடுற உரிமையா சுருங்குச்சு. நம்ம அரசியலமைப்புல 326-வது உறுப்பு சொல்றது அதத்தான், வயதுவந்தோர் வாக்குரிமை, 1988-ல 61-வது திருத்தம் வந்து 21 வயச 18 ஆக்குனாங்க. இந்த அர்த்தத்துக்கு வாக்குரிமைங்குற சொல்லு கச்சிதமா உக்காந்துருச்சு, அதுல ஒண்ணும் சண்டை இல்ல.

கடைக்காரங்க அர்த்தம் அதுக்கப்புறம் வந்தது. ஜிகர்தண்டா கடையவே எடுத்துக்கோங்க. பேரு ஒருத்தரது, பக்குவம் ஒருத்தரது, போர்டு கலரு ஒருத்தரது, ஆனா கடைய நடத்துறது வேற ஒருத்தர். காசு கட்டி அந்தப் பேர பயன்படுத்துற அனுமதி வாங்கிருக்காரு, அம்புட்டுத்தேன். அனுமதிதான் ப்ராஞ்சைஸ், வாங்குனவர்தான் ப்ராஞ்சைசி, ஆனா நம்மூர்ல எல்லாத்துக்கும் சேத்து "ப்ராஞ்சைசி எடுத்துருக்கேன்"னு சொல்லிருவோம், ஏதோ வீட்டுல சமையல் கேஸ் எடுக்குற மாதிரி. 2008-ல ஐபிஎல் வந்தப்ப எட்டு டீமையும் ப்ராஞ்சைஸ்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, அன்னைக்குத்தான் இந்தச் சொல்லு நம்ம வீட்டு ஹாலுக்குள்ள வந்து உக்காந்துச்சு. அங்கயும் அர்த்தம் அதேதான், இந்த ஊரு பேர்ல இந்தப் போட்டில ஒரு டீம் எறக்குற உரிமை.

இப்ப நம்ம வரையிற பசங்க விஷயத்துக்கு வருவோம், இங்கதான் சொல்லுக்கு நெசமாவே வெயிட்டு.

1938-ல அமெரிக்காவுல ரெண்டு சின்னப் பசங்க, ஜெர்ரி சீகல் எழுதுறவர், ஜோ ஷஸ்டர் வரையிறவர். 13 பக்கக் கதை ஒண்ணக் குடுத்தாங்க, பக்கத்துக்கு 10 டாலர், அந்தக் கதைக்கு மொத்தம் 130 டாலர், செக்கா வந்துச்சு. கதைல வந்த ஆளு சூப்பர்மேன். செக்கோட சேத்து அந்த ஆளு மேல இருந்த மொத்த உரிமையும் கம்பெனிக்குப் போயிருச்சு. அப்புறம் ரேடியோ, கார்ட்டூன், சினிமா, பொம்மைன்னு அது போன போக்கு ஒலகத்துக்கே தெரியும், இவங்க ரெண்டு பேரும் கோர்ட்டு வாசப்படி ஏறி ஏறி எறங்குனாங்க. 1975-லதான் கம்பெனி எறங்கி வந்து வருசத்துக்கு ஒரு தொகையும், "உருவாக்கியவர்கள்"னு பேரும் போட ஒத்துக்கிச்சு. உரிமை திரும்பல, பேரு மட்டும் திரும்புச்சு. இத மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

அடுத்து 1984. அதே அமெரிக்கா, இதுவும் ரெண்டு பேரு, கெவின் ஈஸ்ட்மேன், பீட்டர் லெயர்ட். சொந்தக் காசும் கடன் காசும் போட்டு கருப்பு வெள்ளைல ஏறக்குறைய 3,000 பிரதி அடிச்சாங்க, நிஞ்சா டர்டில்ஸ், பீட்சா திங்குற ஆமைங்க. பதிப்பாளரும் அவங்களே, அதனால உரிமை கைய விட்டுப் போகல. கார்ட்டூன்காரன் வந்தப்பயும் பொம்மைக்காரன் வந்தப்பயும் "இந்தா, நீ இத மட்டும் பண்ணிக்கோ"ன்னு துண்டு துண்டா அனுமதி குடுத்தாங்க. நடுவுல ஈஸ்ட்மேன் தன் பங்க வித்துட்டு ஒதுங்கிட்டாரு, 2009-ல மொத்தத்தையும் வயாகாம் கம்பெனி வாங்குனப்ப வெல சுமாரா 6 கோடி டாலர். ரெண்டு கதைலயும் வரைஞ்ச கை நல்ல கைதான். முன்னவங்க கதைய வித்தாங்க, பின்னவங்க அனுமதிய வித்தாங்க. ப்ராஞ்சைஸ்ங்குறது அந்த அனுமதி குடுக்குற எடத்துல ஒக்காந்திருக்குறது.

போக்கிமான் பத்தி பசங்க அதிகம் பேசுவாங்க, 1996 பிப்ரவரி 27-ல ஜப்பான்ல கேம்பாய்ங்குற கைக்கருவில ஆடுற கேமா வந்துச்சு, அதே வருசம் சேத்து வச்சு ஆடுற சீட்டு, அடுத்த வருசம் டிவி. கேம்ல இருந்து கெளம்புன குடும்பத்துக்கு அது பெரிய உதாரணம், ஆனா அதுலயும் நிண்டெண்டோ, கேம் ஃப்ரீக், கிரியேச்சர்ஸ்னு மூணு கம்பெனிக்கு சேந்து உரிமை இருக்குறதப் பத்தி யாரும் பேசுறது இல்ல.

நம்ம பக்கம் சிவகாசிய விட்டுட்டு காமிக்ஸ் பேச முடியுமா. 1972-ல முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட வந்துச்சு, 1984-ல லயன் காமிக்ஸ். மதுரைல ஒரு தலைமுறையே மாயாவிய நம்மாளுன்னு நெனச்சு வளந்துச்சு, ஆனா மாயாவி 1962-ல பிரிட்டன்ல பொறந்தவர், நம்மகிட்ட வந்தது தமிழ்ல போடுற அனுமதி. அச்சடிக்கத் தெரியும், மொழிபெயர்க்கத் தெரியும், விக்கத் தெரியும், ஒலகமே சிவகாசில வந்து காலண்டர் அடிச்சுட்டுப் போச்சு, ஆனா அனுமதி வாங்குற பக்கமே நெறைய காலம் நின்னோம். இப்ப பசங்க அனுமதி குடுக்குற பக்கம் போகணும்னு நெனைக்கிறது எனக்கு உண்மையிலயே பிடிச்சிருக்கு.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? படவரிசை, கதைத்தொடர்னு போடுறாங்க, ரெண்டும் பத்தாது. வரிசை, தொடர் எல்லாம் "அடுத்து அடுத்து வருது"ன்னு மட்டும்தான் சொல்லுது, யாருது அதுங்குறத சொல்லல. ரெண்டாம் பாகமே வராத கதைக்கும் ப்ராஞ்சைஸ் உரிமை உண்டு, இருபது பாகம் வந்த கதையோட ஆசிரியருக்கு ஒத்த ரூபா உரிமை இல்லாமயும் இருக்கலாம். அதனால உரிமைங்குற சொல்லு உள்ள இருந்தே ஆகணும்.

உரிமைக்கு நம்மகிட்ட இன்னொரு பழைய சொல்லு இருக்கு, கிழமை. ஞாயித்துக்கிழமைன்னா ஞாயிறுக்கு உரிய நாளு. ஊருக்கு உரியவர் கிழார், நெலக்கிழார். இலக்கணத்துல ஆறாம் வேற்றுமைக்கு அர்த்தமே கிழமைதான், அத நம்ம ஆளுங்க ரெண்டா பிரிச்சாங்க. சாத்தனது கை, இது தற்கிழமை, கைய கழட்டி இன்னொருத்தருக்குக் குடுக்க முடியாது. சாத்தனது வீடு, இது பிறிதின் கிழமை, பத்திரம் போட்டு வித்துரலாம். பள்ளிக்கூடத்துல மனப்பாடம் பண்ணி மறந்துட்டோம், ஆனா கலைஞனோட உரிமைய பேச இத விட நல்ல கருவி எனக்குத் தெரியல.

எப்படின்னா நம்ம 1957-ம் வருசத்து பதிப்புரிமைச் சட்டமும் இதே ரெண்டாத்தான் பாக்குது. அச்சடிக்க, படமாக்க, கேமாக்க உள்ள உரிமைய எழுதிக் குடுத்துரலாம், பிறிதின் கிழமை. ஆனா 57-வது பிரிவுப்படி, எல்லாத்தையும் எழுதிக் குடுத்த பெறகும் "இத உருவாக்குனது நான்"னு சொல்ற உரிமையும், பேரு கெடுற மாதிரி சிதைச்சா தடுக்குற உரிமையும் வரைஞ்சவன்கிட்டயே நிக்கும், தற்கிழமை. நம்ம ஊரு தருமி கதையும் இதுதான. பொற்கிழி தருமிக்குப் போச்சு, குறுந்தொகைல அந்தப் பாட்டுக்கு மேல பேரு இறையனார்னுதான் நிக்குது. சூப்பர்மேன் பசங்களுக்கு 1975-ல திரும்புனதும் அந்தக் கிழமைதான், மத்தது போனது போனதுதான்.

போகாம இருக்க ஒப்பந்தத்த படிக்கணும், இங்கிலீசுல இருந்தா யாரையாச்சும் வச்சு படிக்கணும். ஒரு தம்பி காட்டுன தாள்ல ஒரு வரி, அதோட தமிழ் இப்படி வரும்: "இப்போதுள்ள, இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுதும், என்றென்றைக்கும்." அவன் அத அலங்காரம்னு நெனச்சுட்டான். அலங்காரம் இல்லப்பே, அந்த ஒத்த வரில காமிக்ஸ் கேம் சினிமா பொம்மை எல்லாம் கெளம்பிப் போகுது. சட்டத்துல என்னன்னா, உரிமை மாத்துறது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும், காலம் எழுதலைன்னா 5 வருசம்தான், எடம் எழுதலைன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான், எழுதிக் குடுக்குற அன்னைக்கு இல்லாத புது ஊடகம்னா அத குறிப்பா பேரு சொல்லி எழுதுனாத்தான் போகும், இது 2012 திருத்தம். அதாவது எழுதாம விட்டா சட்டம் வரைஞ்சவன் பக்கம் சாயும், அதனாலதான் அவங்க அம்புட்டு நீளமா எழுதுறாங்க. மாசச் சம்பளத்துக்கு ஆபீஸ்ல உக்காந்து வரைஞ்சா கதை வேற, தனி ஒப்பந்தம் இல்லைன்னா மொத உரிமையாளர் மொதலாளிதான். நாலு பேரு சேந்து பண்றீங்கன்னா உங்களுக்குள்ளயே ஒரு தாள் போட்டுருங்க, சண்டை வர்றதுக்கு முன்னாடி, நல்லா பேசிக்கிட்டு இருக்குறப்பவே.

அடுத்து என்எஃப்டி, நான்-ஃபஞ்சிபிள் டோக்கன்ங்குறதோட சுருக்கம். இதுல இருக்குற ஃபஞ்சிபிள்ங்குற சொல்ல மிஷின்ல போட்டு "பூஞ்சையற்ற டோக்கன்"னு தமிழாக்குனத கண்ணால பாத்துருக்கேன், சிரிச்சு மாளல. காளானுக்கும் இதுக்கும் சம்பந்தம் கெடையாது. லத்தீன்ல ஃபஞ்சின்னா ஒரு வேலைய நிறைவேத்துறது, ஃபங்ஷன்ங்குற சொல்லும் அதே வேர்தான். ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு நின்னு வேலை பாக்கும்னா ஃபஞ்சிபிள், பத்து ரூபாய்க்கு எந்தப் பத்து ரூபா நோட்டும் சரி. அப்படி மாத்த முடியாதது என்எஃப்டி. மாற்றீடற்ற வில்லைன்னு சொல்லலாம், எனக்கு அது போதும். உள்ள என்ன இருக்குன்னு தெறந்து பாத்தா ஒரு எண்ணு, யாரு வச்சிருக்காங்கங்குற முகவரி, படம் எங்க இருக்குங்குற ஒரு இணைப்பு, பெரும்பாலும் படம் கூட உள்ள இருக்காது. பதிப்புரிமை அதுல தானா வராது. பொங்கலுக்கு ரேஷன் கடைல குடுக்குற டோக்கன் கைல இருக்குங்குறதுக்காக கடை நம்மளதாயிருமா? 2021-ல 10,000 குரங்குப் படத்தோட வந்த போர்ட் ஏப்ங்குற என்எஃப்டி தொகுப்பு மாதிரி சிலது வில்லை வாங்குனவங்களுக்கு படத்த வியாபாரமா பயன்படுத்துற அனுமதிய தனியா நிபந்தனைல எழுதிக் குடுத்துச்சு. எழுதுனதாலதான் வந்துச்சு.

எழுதாதத வந்துருச்சுன்னு நெனச்சவங்களும் உண்டு. அதே 2021-ல ஒரு கிரிப்டோ குழு காசு சேத்து, டூன்ங்குற அறிவியல் புனைவு நாவல வச்சு எடுக்க நெனச்சு, எடுக்கப்படாமயே போன ஒரு படத்துக்காக வரைஞ்சு வச்ச பழைய தொகுப்பு ஒண்ண பாரிஸ் ஏலத்துல 26.6 லட்சம் யூரோவுக்கு வாங்குச்சு, இத வச்சு அனிமேஷன் தொடர் எடுப்போம்னு அறிவிச்சாங்க. வாங்குனது புத்தகம், கதையோட உரிமை இல்ல. ஊரே சிரிச்சுச்சு. நம்ம பசங்க என்எஃப்டி விக்கிறதுன்னா விக்கட்டும், ஆனா வாங்குறவருக்கு என்ன கெடைக்குது என்ன கெடைக்காதுன்னு வெளக்கமா எழுதி விக்கணும், லாபத்துக்கு 2022 ஏப்ரல்ல இருந்து 30 சதவீதம் வரி இருக்குங்குறதையும் கணக்குல வைக்கணும்.

இன்னொண்ணு, கதாபாத்திரத்தோட பேருக்கு பதிப்புரிமைல பெரிய பாதுகாப்பு கெடையாது, பேருக்கும் லோகோவுக்கும் வணிகக்குறி பதியணும், 10 வருசத்துக்கு ஒருதடவ புதுப்பிக்கணும். காப்புரிமைன்னு சொல்லி எல்லாத்தையும் குழப்பிக்காதீங்க, கண்டுபிடிப்புக்கு காப்புரிமை, படைப்புக்கு பதிப்புரிமை, பேருக்கு வணிகக்குறி.

ஆக எம் முடிவு இது. ஆளுங்க, ஊரு, சாமி, சண்டை எல்லாம் சேந்த அந்தப் புனைவுக்கு கதையுலகம். அத காமிக்ஸாவும் கேமாவும் பொம்மையாவும் ஆக்க அனுமதி குடுக்குற அதிகாரத்துக்கு கதையுலக உரிமை. வெறும் கதையுரிமைன்னு போட்டா சினிமாக்காரங்க ஏற்கெனவே ஒரு கதைய படமாக்குற உரிமைக்கு வச்சிருக்காங்க, முட்டும். உலக உரிமைன்னு சுருக்குனா "ஒலகம் பூரா விக்கிற உரிமை"ன்னு ஆயிரும், அதுவும் வேணாம். கதைக்கிழமைன்னு போடத்தான் எனக்கு ஆசை, ஆனா வாரத்துல எட்டாவது நாளான்னு கேப்பாய்ங்க. கடைக்கு கிளையுரிமை, ஐபிஎல்லுக்கு அணியுரிமை. ஸ்பின் ஆஃபுக்கு கிளைக்கதை, ப்ரீக்வலுக்கு முன்கதை, இதெல்லாம் மகாபாரதத்துலயே பழகுன சரக்கு, புதுசா தேட வேண்டியதில்ல. பேச்சுல ப்ராஞ்சைஸ்னே சொல்லிக்கோங்க, ஒப்பந்தத்துல மட்டும் தமிழ்ல ஒருதடவ எழுதிப் பாத்துட்டு கையெழுத்துப் போடுங்க.