சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்லும் சேர்வராயன் பாக்சைட்டும்

சங்ககிரிப் பக்கம் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து, அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். நுரைத்துக்கொண்டு வரும். அமிலத்தில் கல் கரைகிறது என்று அர்த்தம். பல நாடுகளில் வீட்டையும் தெருவையும் விழுங்கும் திடீர் பள்ளங்களுக்கு அடியில் மழைத்தண்ணீர் இதே வேலையைத்தான், மிக மெதுவாக, நுரையில்லாமல் செய்கிறது.

மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு வருகிறது. பெரும்பங்கு கிடைப்பது மண்ணுக்குள். வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடும் இடமாதலால், வெளிக்காற்றைவிடப் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்குகூட அந்த வாயு அங்கே இருக்கும். அது கலந்த தண்ணீர் லேசான கார்பானிக் அமிலம். சுத்தமான தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 14 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டைத்தான் கரைக்கும். மண்வழி இறங்கிய தண்ணீர் 200 மில்லிகிராமுக்கு மேலும் கரைத்துக்கொண்டு போகும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பாறை வெடிப்புகள் அகன்று குகைகளாகின்றன.

மேல்மண் அந்தக் குகைக்குள் அடியிலிருந்து உதிர ஆரம்பிக்கும். மேலே நடப்பவருக்கு ஒன்றும் தெரியாது. குகையில் தண்ணீர் நிறைந்திருக்கும்வரை அதுவும் கூரைக்கு முட்டுக்கொடுக்கிறது. போர்வெல்கள் உறிஞ்சி நீர்மட்டம் இறங்கினால் அந்த முட்டு போய்விடும். அடுத்த கனமழையில் ஈரமண்ணின் பாரம் தாங்காமல் தரை சில நிமிடங்களில் உள்ளே போய்விடும். இந்தக் கடைசிக் கட்டத்தில் மனிதர் கைக்கும் பங்கு உண்டு என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

சரி, சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டில் இப்படி நடக்குமா? ஆண்டுக்குச் சுமார் 1,500 மி.மீ. மழை, காப்பித் தோட்டங்களில் இலைமக்கு. அமிலத்துக்குக் குறையே இல்லை. ஆனால் சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடினமான பாறை. சுண்ணாம்புக்கல்லைப் போல் அது மொத்தமாகக் கரைந்து குழியை விட்டுப்போவதில்லை. அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்திலிருந்து சோடியமும் கால்சியமும் முதலில் வெளியேற, களிமண் மிஞ்சுகிறது. அப்புறம் சிலிக்காவும் போகிறது. கரையாத அலுமினியமும் இரும்பும் அங்கேயே தங்குகின்றன. அதுதான் பாக்சைட், அலுமினியத்தின் தாது. மலைமேல் தட்டையான இடங்களில் மழை வழிந்தோடாமல் உள்ளே இறங்கி வடிந்ததால் இது சேர்ந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் பாக்சைட் போனது.

சேலம் நகரச் சாலையில் பள்ளம் விழுந்தால் சுண்ணாம்புக் குகையைத் தேட வேண்டியதில்லை. பெரும்பாலும் உடைந்த குடிநீர்க் குழாயோ சாக்கடையோ மண்ணை அரித்துக்கொண்டு போயிருக்கும். தார்ச்சாலை ஓரிடத்தில் லேசாக அமுங்கி, மழையில்லாத நாளிலும் ஈரமாக இருந்தால் அடியில் அரிப்பு நடந்துகொண்டிருக்கலாம். மேலே ஜல்லி கொட்டுவதால் பயனில்லை; முதலில் கசிவை அடைக்க வேண்டும்.