வீணை வாங்கும் முன் தரையில் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்

சென்ற தை மாதம் ஓர் அம்மா தன் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இருக்கும் என் வீணைப் பட்டறைக்கு வந்தார். வீணை வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "அண்ணா, பாப்பாவுக்கு விரல் வலிக்குது. நடு மெட்டுகள்ல அழுத்தினா சுரம் ஏறிக் கேக்குது. மேளம் கட்டினா சரியாயிடும்னு மிஸ் சொன்னாங்க" என்றார்.

வீணையை மடியில் சாய்த்து, உருண்டையான குடத்தின் பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெட்டுகள் குறுக்கே வரிசையாக அமைந்த நீண்ட மரக் கழுத்தான தண்டி நெடுகப் பார்த்தேன். நடுவில் தண்டி குழிந்திருந்தது. இரண்டு முனைகளிலும் மெட்டுகளைத் தாங்கும் மெழுகு விரல் நகத்தளவு உயரம், நடுவில் அதைப் போல இரண்டு மடங்கு. மரம் குழிந்ததை மெழுகை உயர்த்தி யாரோ ஏற்கெனவே ஈடுகட்டியிருக்கிறார்கள். அதற்கு அப்புறமும் மரம் இறங்கிவிட்டது. தந்தி எட்டி நிற்கிறது, குழந்தை பலமாக அழுத்துகிறாள், தந்தி இழுபட்டுச் சுரம் ஏறுகிறது.

இதை மேளம் கட்டி, அதாவது மெட்டுகளை மெழுகில் புதிதாக உட்கார வைத்துச் சரிசெய்ய முடியாது என்று சொல்லவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதே கடையில இன்னொண்ணு இருந்துச்சு அண்ணா. வேலைப்பாடே இல்லாம சாதாரணமா இருந்துச்சு. வாசிச்சுப் பார்த்தா சுரம் சேரல. அதனால இதை எடுத்தோம்" என்றார்.

வீணை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். சரிசெய்யக்கூடிய குறை ஒன்றைக் கண்டு நல்ல வீணையை விட்டுவிடுகிறார்கள். சரிசெய்யவே முடியாத குறை உள்ள வீணையை, யாளி முகத்தின் அழகையும் குடத்தின் மேல் உள்ள பூவேலையையும் பார்த்து எடுத்து வந்துவிடுகிறார்கள்.

வீணையில் தந்தியை மாற்றலாம். மெழுகை எடுத்துவிட்டு 24 மெட்டுகளையும் புதிதாக உட்கார வைக்கலாம். தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் தகட்டை அரத்தால் ராவலாம். தந்தியை முறுக்கி ஏற்றும் பிருடை வழுக்கினால் இழைத்துப் பொருத்தலாம். இவையெல்லாம் என்னைப் போன்றவர்களின் அன்றாட வேலை. ஆனால் தண்டியின் நேர், குடத்தின் குடைவு, மரத்தின் பதம், ஒட்டின் உறுதி ஆகிய நான்கும் ஆசாரி கையை விட்டு வரும்போது எப்படியோ, கிட்டத்தட்ட அப்படியேதான் கடைசிவரை. கடையில் உங்கள் நேரத்தை எல்லாம் இந்த நான்குக்குக் கொடுங்கள்.

பெங்களூரில் வீணை வாங்கப் பலர் பளேபேட்டைக்குப் போகிறார்கள். வாத்தியக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு, சத்தமும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மாலை போனால் ஆட்டோ ஹாரன்தான் காதில் விழும். வார நாளில், கடை திறந்ததும் போங்கள். ஒரு ஜமக்காளம் கேட்டு வாங்கித் தரையில் விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்டியின் அடியில் இருக்கும் சுரைக்காயை இடது தொடை மேல் வைத்து வாசித்துப் பாருங்கள். மேசை மேல் கிடத்தி நின்றபடி நாலு தந்தியைத் தட்டிப் பார்ப்பது சோதனையே ஆகாது. மேசைப் பலகையும் சேர்ந்து அதிர்வதால் நாதம் பெரிதாகக் கேட்கும். மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள். குடத்தில் மைக் ஒட்டி ஸ்பீக்கரில் வாசித்துக் காட்டினால், "மைக் இல்லாமல் ஒருமுறை" என்று கேளுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. நல்ல கடைக்காரர்கள் இப்படிக் கேட்பவரை மதிப்பார்கள்.

அடுத்ததுதான் மிக முக்கியம். கடையில் தொங்கும் வீணைகளில் தந்திகள் பெரும்பாலும் தளர்ந்திருக்கும். தளர்ந்த தந்தியில் தண்டி தன் உண்மையான வளைவைக் காட்டாது, விரலும் வலிக்காது. எனவே முதலில் நீங்கள் வாசிக்கப்போகும் சுருதிக்கு ஏற்றச் சொல்லுங்கள். வழக்கமாக இரண்டரை, மூன்று கட்டை. போனில் தம்புராவை ஓடவிட்டு, ஏழு தந்தியையும் சேர்த்து, கால் மணி நேரமாவது அப்படியே விடுங்கள். அப்புறம் நான் செய்ததுபோல ஒரு கண்ணை மூடி நெடுகப் பாருங்கள். தண்டியின் இரண்டு விளிம்புகளும் நூல் பிடித்தாற்போல் ஓடவேண்டும். முறுக்கு இருந்தால் ஒரு விளிம்பு மட்டும் விலகித் தெரியும். மெழுகின் உயரத்தையும் கவனியுங்கள். ஓரிடத்தில் மட்டும் தடித்திருந்தால் அதன் கீழே மரம் என்ன செய்கிறது என்று சந்தேகப்படுங்கள். இந்தக் கால் மணி நேரத்தில் பிருடை வழுக்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

குடத்தை விரல் முட்டியால் பல இடங்களில் மெல்லத் தட்டுங்கள். நன்கு உலர்ந்த பலா மரம் கணீரென்று பதில் சொல்லும். ஈரம் போகாத மரமும், தடிமனாகக் குடைந்த குடமும் மந்தமாகத் தட்டுப்படும், தூக்கினால் கனக்கும். ஓரிடத்தில் மட்டும் ஓசை மாறினால் அங்கே உள்ளே ஒட்டுப்போட்ட விரிசல் இருக்கலாம். கருமையான பாலிஷ் எதையும் மறைத்துவிடும். குடம் தண்டியோடு சேரும் இடத்தின் அடிப்பகுதியை டார்ச் அடித்துப் பாருங்கள். தஞ்சாவூர் போன்ற ஊர்களில் செய்து பெங்களூருக்கு வரும் வீணைகளுக்கு இந்த இடம்தான் பரீட்சை. இங்கே தை, மாசியில் காற்று நன்றாக வறண்டுவிடும். மரம் சுருங்கும்போது ஒட்டு முதலில் வாய் திறக்கும்.

"இது ஏகாந்த வீணை சார்" என்று சொல்லி விலையைக் கூட்டுவது சில இடங்களில் நடக்கிறது. குடம், தண்டி, யாளி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால்தான் ஏகாந்தம். மர ரேகை குடத்திலிருந்து தண்டிக்குள் தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஒட்டு வீணையில் சேரும் இடத்தை அலங்காரப் பட்டை மறைத்திருக்கும். என் அபிப்பிராயத்தில் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு நல்ல ஒட்டு வீணை தாராளமாகப் போதும். ஏகாந்த விலை கொடுத்து ஒட்டு வீணை வாங்காமல் இருந்தால் சரி. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆகவே அந்தப் பெயரைச் சொல்லி விற்றால் எந்தப் பட்டறையில் செய்தது என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

இப்போது நாதம். முக்கியத் தந்தியான சாரணியைத் திறந்தபடி, அதாவது எந்த மெட்டையும் அழுத்தாமல், ஒரே ஒரு மீட்டு மீட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ஆதி தாளம் போட்டுக்கொண்டே கேளுங்கள். நிதானமான ஓர் ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கைச் சுற்று முடியும்வரை கார்வை (ஒலியின் நீட்சி) நிற்கிறதா என்பது என் சொந்தக் கணக்கு. அடுத்து, படிப்படியாகச் சுருதி இறங்கும் மற்ற மூன்று வாசிப்புத் தந்திகள்: பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். சில வீணைகளில் சாரணி மட்டும் கத்தும், அனுமந்தரம் பொத்தென்று விழும். அனுமந்தரம் நிறைவாகக் கேட்கும் வீணையை நான் இரண்டாம் யோசனை இல்லாமல் சிபாரிசு செய்வேன். அந்த ஆழம் மரத்திலும் குடைவிலும்தான் இருக்கிறது, பிற்பாடு சேர்க்க முடியாது.

ஆனால் இரைச்சல் கேட்டால் உடனே மரத்தைக் குறை சொல்லாதீர்கள். குதிரையைப் பாருங்கள். அதன் மேல் தகடு முழுத் தட்டை அல்ல, மிக மெல்லிய வளைவு உண்டு. அதிரும் தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதால்தான் வீணைக்கு அந்த மினுமினுப்பான நாதம். இதே மல்லேஸ்வரத்தில் பஞ்சவடி என்ற வீட்டில் வாழ்ந்த சர் சி.வி. ராமன், பெங்களூருக்கு வருவதற்கு முன்பே, 1921-இல் வீணையையும் தம்புராவையும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். தந்தியை மீட்டும் இடத்தைப் பொறுத்துச் சில மேற்சுரங்கள் எழவே கூடாது என்பது பழைய விதி. நம் வாத்தியங்களில் அவையும் எழுகின்றன, காரணம் குதிரையின் வளைவு என்று அவர் காட்டினார். அந்த வளைவு சரியாக அமையாவிட்டால் நாதம் இரையும், வளைவே இல்லாவிட்டால் வெறுமையாகிவிடும். இரண்டையும் அரம் வைத்துச் சரிசெய்துவிடலாம். நான் குதிரையில் வேலை செய்யும்போதெல்லாம் அந்தக் கட்டுரையை நினைத்துக்கொள்வேன்.

மேளம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ராகம் வாசிக்கவே வேண்டாம். பஞ்சமத் தந்தியில் ஐந்தாவது மெட்டை அழுத்தினால் திறந்த சாரணியின் ஸட்ஜம் அப்படியே வரவேண்டும். மந்தரத்தில் ஏழாவது மெட்டு, திறந்த பஞ்சமத் தந்தியோடு சேரவேண்டும். சாரணியில் பன்னிரண்டாவது மெட்டு, பக்கவாட்டில் உள்ள மூன்று தாளத் தந்திகளில் மிக உச்சமாக ஒலிக்கும் தந்தியோடு சேரவேண்டும். சேரவில்லை என்றால் வீணையை ஒதுக்காதீர்கள். மேளம் கட்டித் தரும் செலவை விலைக்குள் அடக்கச் சொல்லிப் பேசுங்கள்.

பிறகு கமகம், அதாவது தந்தியை இழுத்துச் சுரத்தை அசைப்பது. மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் சாரணியை அழுத்தி, இரண்டு சுரம் ஏறும் அளவுக்கு இழுங்கள். இழுக்கும் வழியில் ஒலி அறுந்தாலோ கரகரத்தாலோ மெட்டு சாய்ந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது. பழைய வீணை என்றால் சாரணியின் கீழே மெட்டுகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

பழைய வீணை என்றதும் இன்னொன்று. தாத்தா காலத்து வீணைகளில் ஓரங்களில் தந்த வேலைப்பாடு இருக்கலாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று யானைத் தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். "அசல் தந்தம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலும் கவனம் வேண்டும். மெட்டுகள் உட்கார்ந்திருப்பது தேன்மெழுகில். கரித்தூளும் குங்கிலியமும் கலந்திருந்தாலும் மெழுகு மெழுகுதான். உருகுவதற்கு அறுபது டிகிரிக்கு மேல் ஆகும், ஆனால் அதற்கு வெகு முன்பே இளகிவிடும். பல வருடங்களுக்கு முன் ஒரு சித்திரை மாதம், மேளம் கட்டி முடித்த வீணையைக் காரில் வைத்துக்கொண்டு சேலத்துக்குப் போனேன். கிருஷ்ணகிரியில் சாப்பிட இறங்கி முக்கால் மணி நேரம் வண்டியை வெயிலில் விட்டுவிட்டேன். சேலத்தில் உறையைத் திறந்தபோது பத்துக்கு மேற்பட்ட மெட்டுகள் சாய்ந்திருந்தன. மறுநாள் காலையில் கச்சேரி. இரவெல்லாம் உட்கார்ந்து மறுபடியும் கட்டினேன். அன்றிலிருந்து வெயிலில் நிற்கும் வண்டியில் ஐந்து நிமிடம்கூட வீணையை விடுவதில்லை.

அந்த அம்மாவை அப்படியே அனுப்ப எனக்கு மனமில்லை. மறுநாள் நானும் அவர்களோடு கடைக்குப் போனேன். தண்டியின் குழிவைக் கடைக்காரரிடம் காட்டியபோது முதலில் மறுத்தார். தந்தியை ஏற்றிவைத்து அவரையே கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார், மாற்றித் தர ஒப்புக்கொண்டார். வேலைப்பாடு இல்லாத அந்தச் சாதாரண வீணை இன்னும் விற்காமல் மூலையில் இருந்தது. சுருதிக்கு ஏற்றி அனுமந்தரத்தை மீட்டினேன். கடையே நிறைந்தது. தண்டி நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது. மெட்டுகள்தான் கண்டபடி கிடந்தன.

பட்டறைக்குக் கொண்டுவந்து இரண்டு நாளில் மேளம் கட்டினேன். எடுத்துப்போக வந்த குழந்தையிடம் பஞ்சமத் தந்தியைக் காட்டி, ஐந்தாவது மெட்டை அழுத்தச் சொன்னேன். அழுத்தி மீட்டினாள். பிறகு சாரணியைத் திறந்து மீட்டினாள். மறுபடியும் முதல் தந்தி, மறுபடியும் இரண்டாவது. "மாமா, ரெண்டும் ஒண்ணா இருக்கு. விரலும் வலிக்கல" என்றாள்.